ஆரல்வாய்மொழிக்கு இப்பால்: ஒரு சிறு நாட்டின் வணிகச் சட்டம்

எங்கள் வீட்டு மரப்பெட்டியில், ஒற்றிப் பத்திரங்களுக்கும் கரமடைத்த ரசீதுகளுக்கும் நடுவே, ஒரு சிட்டி வரியோலையின் நகல் கிடக்கிறது. கொல்லம் 1109-ஆம் ஆண்டுத் தேதியிட்டது. ஆங்கிலக் கணக்கில் 1933-34. வாசகம் மலையாளத்தில், ஒப்பங்கள் பெரும்பாலும் தமிழில். தலையாளின் கடமை இன்னது, சிட்டாளன் தவணை தவறினால் இன்னது, ஏலம் பிடித்தவன் கொடுக்க வேண்டிய பிணை இன்னது என்று நிபந்தனைகள் வரிசையாகச் செல்கின்றன. எங்கள் முன்னோர் வயலை மட்டுமே அறிந்தவர்கள். அவர்களுக்காக இவ்வளவு துல்லியமான வணிக உடன்படிக்கையை வகுத்துக் கொடுத்தது எந்தச் சட்டம்? அது எங்கிருந்து வந்தது, எதுவரை சென்றது?

இரண்டாம் கேள்விக்கு விடை எளிது. ஆரல்வாய்மொழி வரை சென்றது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு வருகிற பேருந்துகள் இன்று காற்றாலைகளுக்கிடையே நில்லாமல் கடந்துபோகும் அந்தக் கணவாயில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியது. அப்பால் பிரிட்டிஷ் இந்தியா; இப்பால் திருவிதாங்கூர். அப்பால் ரூபாய், அணா. இப்பால் பணமும் சக்கரமும் காசும். திருவிதாங்கூரின் கணக்கு ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினாலோ 28 சக்கரமும் 8 காசும் கிடைக்கும். அந்த 8 காசு, அதாவது அரைச் சக்கரம், கோட்டாற்றுச் சந்தைக்கு வந்த ஒவ்வொரு வியாபாரியின் கணக்கிலும் தன்னை நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கும். நாகர்கோவில் நீதிமன்றம் கடன்காரனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தாலும், திருநெல்வேலியின் சட்டப் பார்வையில் அது அயல்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பே.

இப்படிப்பட்ட சிறு நாடு தன் வணிகச் சட்டத்தைப் பெரிய அண்டை நாட்டின் சட்டத்தோடு, அதன் வழியாக ஐரோப்பியச் சட்டத்தோடு, எப்படி இணக்கிக்கொண்டது என்பதே நாம் இங்கே பேச விரும்புவது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பும் மாண்டிநீக்ரோ போன்ற சிறு நாடுகள் 35 அதிகாரங்களில் தம் சட்டங்களை ஒன்றியத்தின் சட்டங்களோடு பொருத்திக் காட்ட வேண்டும். ஆறாவது அதிகாரம் கம்பெனிச் சட்டத்துக்கு உரியது. நாஞ்சில் நாட்டவருக்கு இது புதிய செய்தியன்று. நம் பாட்டன்மார் இதைப் பெயர் தெரியாமல் வாழ்ந்து பார்த்தவர்கள்.

முதற்படி சுங்கம். 1855-இல் டல்ஹௌசி பிரபு, நிர்வாகம் சீர்படாவிட்டால் நாடு பறிபோகும் என்று மகாராஜாவுக்கு எச்சரிக்கை விடுக்கச் செய்தார். மூன்றாண்டுகளில் திவான் பொறுப்பேற்ற கும்பகோணத்துக்காரரான டி. மாதவராவ், 1872 வரை அப்பதவியில் இருந்தவர், அந்த மிரட்டலைச் சீர்திருத்தமாக மாற்றிக் காட்டினார். மிளகின் மீதான அரசின் ஏகபோகம் 1860-இல் போயிற்று. புகையிலையின் ஏகபோகம் 1863-இல் போயிற்று. குளச்சல் கரையில் டச்சுக்காரரைத் தோற்கடித்த 1741-ஆம் ஆண்டிலிருந்து கருவூலத்தின் முதுகெலும்பாக விளங்கிய மிளகை ஓர் அரசு தானாகக் கைவிடுவது எளிய செயலன்று. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றுக்கும் இடையே வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. உப்பு, புகையிலை, அபினி போன்ற சிலவற்றைத் தவிர மற்றப் பண்டங்களுக்கு எல்லைச் சுங்கம் நீங்கியது. கடல்வழி வரும் அயல்நாட்டுச் சரக்குக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதமே இங்கும் விகிதமாயிற்று. ஜெர்மானியச் சிற்றரசுகள் 1834-இல் பிரஷியாவின் தலைமையில் அமைத்த சுங்கக் கூட்டணியின் சாயலை இதில் காணலாம்.

ஆனால் உப்பை மறந்துவிடலாகாது. சென்னை மாகாண விலைக்கு ஒத்த விலையிலேயே திருவிதாங்கூர் உப்பை விற்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. புத்தளத்திலும் தாமரைக்குளத்திலும் கண்ணெதிரே விளைகிற உப்புக்கு, கணவாய்க்கு அப்பாலிருந்து விலை வந்தது. சட்ட இணக்கம் என்னும் சொல்லை ஏட்டில் படிக்கும்போது நமக்கு இந்த உப்பளங்களே நினைவுக்கு வருகின்றன.

அடுத்தது கம்பெனிச் சட்டம். இங்கிலாந்து 1844-இல் கூட்டுப்பங்கு நிறுவனங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1855-இல் பங்குதாரரின் பொறுப்பை அவரவர் பங்குத் தொகையோடு நிறுத்தியது. 1862-இல் எல்லாவற்றையும் ஒரே சட்டமாகத் தொகுத்தது. பிரிட்டிஷ் இந்தியா 1850, 1857, 1866, 1882, 1913 என்று சற்றுப் பின்னே அதே தடத்தில் நடந்தது. திருவிதாங்கூர் இன்னும் சற்றுப் பின்னே. 1888 மார்ச்சில் கோட்டயத்தில் மலையாள மனோரமா கூட்டுப்பங்குக் கம்பெனியாக உருவாயிற்று. அதே ஆண்டில்தான் திருவிதாங்கூரின் சட்டமன்றமும் தோன்றியது. 1916-இல், கொல்லம் 1092-இல், விரிவான கம்பெனி ரெகுலேஷன் வந்தது. ஆங்கிலேயரின் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவின் 1913-ஆம் ஆண்டுச் சட்டமாகி, அது திருவிதாங்கூரின் ரெகுலேஷனாகி, கடைசியில் நெடும்புறம் போன்ற ஒரு சிற்றூரில் 1931-இல் திருவிதாங்கூர் பெடரல் வங்கியாக முளைத்தது. இன்றைய பெடரல் வங்கி அதுவே.

சொல்லாராய்ச்சியில் பழகிய நமக்கு இங்கே ஒரு சிறு சுவை. ‘லிமிடெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை மலையாளம் ‘க்லிப்தம்’ என்று பெயர்த்துக்கொண்டது. கேரளத்துக் கூட்டுறவுச் சங்கப் பலகைகளில் இன்றும் அதைக் காணலாம். தமிழோ ‘லிமிடெட்’ என்றே எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது. நட்டம் வந்தால் வீட்டையும் வயலையும் தொடமாட்டார்கள் என்னும் அந்த மாபெரும் வாக்குறுதிக்கு நம் மொழி ஒரு சொல்லை ஊன்றி நிலைக்க வைக்கவில்லை.

வீடும் வயலும் என்றதும் இன்னொரு தடை நினைவுக்கு வருகிறது. கம்பெனிச் சட்டம் தனி மனிதனை எதிர்பார்க்கிறது. பங்கு அவனுடையது; விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைக்கு விடலாம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அப்படிப்பட்ட தனி மனிதன் இல்லை. மருமக்கள் வழியில் சொத்து தறவாட்டுக்குரியது, ஆள்பவர் காரணவர், மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்றும் நங்குடைமை என்றும் சில உரிமைகள். கடன் கொடுப்பவன் யாரை நம்பிக் கொடுப்பான்? காரணவர் பட்ட கடன் குடும்பத் தேவைக்கா, அவருடைய சொந்தச் செலவுக்கா என்ற வழக்கிலேயே ஒரு தலைமுறை கழிந்துவிடும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடியது இந்த அவலத்தைத்தான். அதை நகைச்சுவை நூலாக மட்டும் வகுப்பில் நடத்திவிட்டுப் போகிறோம். வணிக வரலாற்றுக்கும் அது முதன்மைச் சான்று என்பது எங்கள் துணிபு. நாயர்களுக்கு 1925-இலும் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு 1926-இலும் வந்த சட்டங்கள் பாகப்பிரிவினையை அனுமதித்தன. பூட்டிக் கிடந்த சொத்து துண்டுகளாகி, துண்டுகள் பணமாகி, பணம் வங்கிகளுக்கும் சிட்டிகளுக்கும் சென்றது. திருவிதாங்கூரில் தெருவுக்கொரு வங்கி தோன்றிய காலம் அது.

சட்டத்தின் வாசகம் ஒன்றாகிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடுமா என்னும் கேள்விக்கு 1938 விடையளித்தது. கே. சி. மாம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் சி. பி. மாத்தனின் கொல்லம் வங்கியும் 1937-இல் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியாயின. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்று. ரிசர்வ் வங்கியின் அட்டவணையிலும் இடம் பெற்றது. பதிவு திருவிதாங்கூரில், நிர்வாகத் தலைமையகம் சென்னையில். 1938 ஜூன் 21-ஆம் நாள் அவ்வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது.

திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அரசியல் பகையால் வங்கியை வீழ்த்தினார் என்பார் ஒரு சாரார். வங்கியின் கணக்கே உளுத்துப் போயிருந்தது என்பார் மறு சாரார். வங்கி பலவீனமாக இருந்தது, பகையும் இருந்தது, பலவீனமானவனைப் பகைவன் தள்ளினால் விழுவான் என்பதே எங்கள் எண்ணம். ஆயினும் இக்கட்டுரைக்கு வேண்டியது வேறொன்று. திருவிதாங்கூரில் பதிவான அவ்வங்கி பிரிட்டிஷ் இந்தியச் சட்டத்தின்படி அயல்நாட்டுக் கம்பெனி. ஆனால் அதைக் கலைக்கும் ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்தது. குற்ற விசாரணையோ திருவிதாங்கூரில். சென்னையில் கைது செய்யப்பட்ட வங்கித் தலைவர்கள் அயல்நாட்டுக் குற்றவாளிகளைப் போல எல்லை தாண்டி ஒப்படைக்கப்பட்டு, அங்கே சிறைத் தண்டனை பெற்றனர். மாம்மன் மாப்பிள்ளை ஆசிரியராயிருந்த மனோரமா அச்சகம் அதே ஆண்டில் முத்திரையிடப்பட்டது; இதழ் சில மாதங்கள் கொச்சி நாட்டுக் குன்னங்குளத்திலிருந்து வெளிவந்தது. கம்பெனிச் சட்டத்தின் பிரிவுகள் கணவாயின் இருபுறமும் ஏறத்தாழ ஒன்றே. நீதிமன்றம் இரண்டு, காவல் இரண்டு, அரசியல் இரண்டு. இரண்டுக்கும் நடுவே நின்றவர் வைப்புத்தொகை போட்டிருந்த ஆசிரியரும் குமாஸ்தாவும் விதவையும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சிக்கலை அறிந்திருக்கிறது. வங்கிகளைக் கலைப்பது பற்றிய 2001-ஆம் ஆண்டு நெறிமுறை, உரிமம் வழங்கிய நாட்டின் அதிகாரமே கலைப்பை நடத்தும், மற்ற நாடுகள் அதை ஏற்கும் என்று விதித்தது. இன்னொரு வேறுபாடும் உண்டு, நமக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. 2004-இல் சேர்ந்த ஸ்லோவேனியா பிறர் எழுதிய சட்டங்களை ஏற்றது; ஏற்றபின் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களையும் லக்சம்பர்க் நீதிமன்றத்துக்கு நீதிபதியையும் அனுப்பியது. திருவிதாங்கூர் தான் படியெடுத்த சட்டங்கள் இயற்றப்பட்ட டில்லி மன்றத்துக்கு ஒருவரையும் தேர்ந்தெடுத்து அனுப்பியதில்லை. 1921-இல் அமைந்த மன்னர் மன்றம் ஆலோசனை சொல்லும் இடம். சட்டம் செய்யும் இடமன்று.

வங்கி மூடியது கொல்லம் 1113 ஆனி மாதத்தில். மறு ஆண்டின் சட்டமாக, 1114-ஆம் ஆண்டு ஒன்பதாம் சட்டமாக, புதிய திருவிதாங்கூர் கம்பெனிச் சட்டம் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு ஆயுள். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951 ஏப்ரல் முதல் இந்தியக் கம்பெனிச் சட்டமே இங்கும் செல்லுபடியாயிற்று. 1956 ஏப்ரலில் புதிய கம்பெனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வைப்பாளருக்கான காப்பீடு அதற்கும் பின்னரே வந்தது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பிறகு 1961-இல் சட்டமாகி, 1962 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, கம்பெனி தொடங்குபவனின் பாதுகாப்பு முதலில் வந்தது. பணம் போட்டவனின் பாதுகாப்பு முக்கால் நூற்றாண்டு கழித்து வந்தது.

இனி மரப்பெட்டியிலிருக்கும் வரியோலைக்குத் திரும்புவோம். அதை ஆண்ட சட்டம் லண்டனிலிருந்து வந்ததன்று. ஏலச் சிட்டி, நறுக்குச் சிட்டி என்று நம் ஊர்களில் வழங்கிய முறைக்கு ஆங்கிலச் சட்டத்தில் பெயரே கிடையாது. சீட்டு என்பது உடன்படிக்கையா, சட்டம் தடுக்கும் லாட்டரியா என்று சென்னை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு ஆராய்ந்துகொண்டிருந்தன. படியெடுக்க மூலம் இல்லாத இந்த ஓரிடத்தில் திருவிதாங்கூர் தானே எழுதியது. கொல்லம் 1094-இல், அதாவது 1918-19-இல், சிட்டி ரெகுலேஷன் பிறந்தது. வரியோலையைப் பதிவு செய்யவும் தலையாளைப் பிணை கொடுக்கச் செய்யவும் இந்தியாவில் தோன்றிய முதற் சட்டம் அது. கொச்சி 1107-இல் குறிச் சட்டம் இயற்றியது. திருவிதாங்கூர் 1120-இல் தன் சட்டத்தைப் புதுப்பித்தது. சென்னை மாநிலம் 1961-இல்தான் சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை, சென்னையோடு சேர்ந்த பின்னும், குமரி மாவட்டத்துச் சிட்டிகளைத் திருவிதாங்கூரின் சட்டமே ஆண்டது. நாடு முழுமைக்குமான மத்தியச் சட்டம் 1982-இல் வந்தது. அதிலும் வரியோலையின் இடத்தில் சீட்டு உடன்படிக்கையும், தலையாளின் இடத்தில் ‘ஃபோர்மேன்’ என்பவரும், அவர் கட்ட வேண்டிய பிணையும் இருக்கின்றன.

எங்கள் வரியோலையின் கடைசித் தாளில் சிட்டாளர் பட்டியல் இருக்கிறது. நான்கு பெயர்கள் பெண்களுடையவை. இருவர் ஒப்பமிட்டிருக்கிறார்கள், இருவர் கைநாட்டு. அரசாங்கத் தாள்களில் இப்போது ‘சீட்டு’ என்றே எழுதுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியம்மை சென்ற மாதமும் ‘சிட்டிக் காசு’ என்றுதான் கேட்டாள்.