தகராறு பிடித்த தனிமம்

கிருத்திகை அன்னிக்கு வல்லக்கோட்டை போயிருந்தேன். ஏழடி முருகரைப் பார்க்க வரிசையில நிக்கும்போது கோயில் மணி அடிச்சது. உடனே ஸ்கூல் ஞாபகம்! தட்டினா ஓசை வரும், பளபளக்கும், தகடா அடிக்கலாம், கம்பியா இழுக்கலாம், மின்சாரம் கடத்தும்: உலோகம். இது எதுவும் பெருசா நடக்காதது அலோகம். ரெண்டுக்கும் நடுவுல உலோகப்போலி. போலி டாக்டர், போலி சாமியார் மாதிரி, எனக்கு அந்தப் பேர் மேலயே ஒரு சந்தேகம்.

அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினா பிள்ளைப்பாக்கம் சிப்காட். 2024 ஜனவரியில ஃபர்ஸ்ட் சோலார் கம்பெனி அங்க ஒரு தொழிற்சாலை திறந்தது. வருஷத்துக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் பேனல் செய்யலாம். வழக்கமான சிலிக்கான் பேனல் இல்ல. கண்ணாடி மேல காட்மியம் டெலூரைடு பூசுறது. காட்மியம் உலோகம். டெலூரியம்தான் அந்தப் 'போலி'. இன்னைக்குக் கதை அதோடது.

1782. டிரான்சில்வேனியா தங்கச் சுரங்கங்கள்ல அதிகாரியா இருந்த முல்லர் கையில ஒரு தாது கிடைக்குது. முதல்ல ஆண்டிமனின்னு ஒரு பேச்சு. அப்புறம் பிஸ்மத். ரெண்டும் இல்ல. சூடாக்கினா முள்ளங்கி வாசம்! மூணு வருஷம் விதவிதமா சோதிச்சுப் பார்த்து, 'தகராறு பிடிச்ச உலோகம்'ங்கிற அர்த்தத்துல லத்தீன்ல பேர் வெச்சார். 1798-ல பெர்லின் வேதியியலாளர் கிளாப்ரோத், இது புதுத் தனிமம்தான்னு உறுதி செஞ்சு, 'பூமி'ன்னு பொருள்படுற டெலூரியம்ங்கிற பேரைக் கொடுத்தார். கண்டுபிடிச்ச பெருமையை முல்லருக்கே விட்டுக்கொடுத்தார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே அதுதான்.

தகராறு அதோட முடியல. வெள்ளி மாதிரி மின்னும். ஆனா சுத்தியலால அடிச்சா தகடாகாது, நொறுங்கும். குணத்துல கந்தகத்தோட சொந்தம். 1869-ல மெண்டலீவ் அட்டவணை போடும்போது, அணு எடைப்படி அயோடினுக்குப் பின்னாடி வரவேண்டிய டெலூரியத்தை, குணத்தைப் பார்த்து முன்னாடி வெச்சார். எடையை யாரோ தப்பா அளந்துட்டாங்கன்னு சாதிச்சார். இடம் சரி, காரணம் தப்பு. 1913-ல மோஸ்லி எக்ஸ்-கதிர் சோதனைகள் மூலமா, அட்டவணையோட வரிசை எடை இல்ல, அணு எண்ணுன்னு காட்டின பிறகுதான் புரிஞ்சது: டெலூரியம் 52, அயோடின் 53.

சரி, நொறுங்குற இந்த அரைகுறைப் பொருள் எதுக்கு? தாமிரக் கம்பியைச் சூடாக்கினா மின்சாரம் போறது குறையும். காட்மியம் டெலூரைடு மாதிரி குறைகடத்திகள்ல வெயில் பட்டா கடத்தல் கூடும். முழு உலோகத்துல இந்த வேலை நடக்காது. முழு அலோகத்துலயும் நடக்காது. அதுவும் தலைமுடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு கூட வேண்டாம், அவ்வளவு மெல்லிசா பூசினாலே வெயிலைப் பிடிச்சிடும்.

இங்கதான் நான் கொஞ்சம் தயங்குறேன். டெலூரியத்துக்குன்னு தனிச் சுரங்கம் அனேகமா கிடையாது. பெரும்பாலும் தாமிரத்தைச் சுத்திகரிக்கும்போது தொட்டிக்கு அடியில தங்குற சேற்றுல இருந்துதான் எடுக்கிறாங்க. தாமிர உருக்காலைன்னா நமக்கு உடனே தூத்துக்குடி 2018 ஞாபகம் வரும். துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்த ஊர். புகையில்லாத மின்சாரத்தோட மூலப்பொருள், உலகத்துல எங்கயோ ஒரு உருக்காலை வழியாத்தான் வருது.

காட்மியமும் லேசுப்பட்டது இல்ல. ஜப்பான்ல ஜின்சு ஆத்துத் தண்ணியில கலந்து, வயல் வழியா சோத்துக்குள்ள போய், எலும்பு நொறுங்குற 'இத்தாய் இத்தாய்' நோயைக் கொடுத்தது. 'வலிக்குது வலிக்குது'ன்னு அர்த்தம். டெலூரியத்தோட சேர்ந்தா அது தண்ணியில சுலபமா கரையாது, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அடைஞ்சு கிடக்கும். பழைய பேனலைத் திரும்ப வாங்கி, நொறுக்கி, அமிலத்துல ஊற வெச்சு ரெண்டையும் பிரிச்செடுக்கிற முறையும் இருக்கு. பேனலோட ஆயுள் 25, 30 வருஷம். இன்னைக்குப் பிள்ளைப்பாக்கத்துல இருந்து லாரி ஏறுற கண்ணாடி, 2050 வாக்குல கழட்டப்படும். அதை யார் எண்ணி, யார் திருப்பிக் கொண்டு வருவாங்க?