இடுமருந்து: ஒரு சொல்லும் ஒரு முடி உருண்டையும்

சோறு செல்லாமல், வாந்தியெடுத்து, நாளுக்கு நாள் இளைக்கும் பெண்ணைப் பார்த்து, "யாரோ மருந்து வச்சுட்டாங்க" என்பார்கள். அந்த மருந்துக்குப் பெயர் இடுமருந்து. இலக்கணப்படி இது வினைத்தொகை. இட்ட, இடுகின்ற, இடும் என முக்காலமும் இதில் அடங்கும். இட்டவர் யார் என்பதைத்தான் சொல் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஓரகத்தியையோ பக்கத்து வீட்டுக்காரியையோ ஊர் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

வயிற்றில் தங்கிய மருந்தின்மேல் முடி சுற்றிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 'மருந்து எடுப்பவர்' வாந்திக்குக் கொடுத்து, முடி சுற்றிய உருண்டை ஒன்றைக் காட்டுவார். மலையாளத்தில் இடுமருந்தே கைவிஷம். அதை வாந்தியாக வெளியேற்றும் சடங்குக்குச் சேர்த்தலை அருகே திருவிழா மகாதேவர் கோயில் பெயர்பெற்றது.

வயிற்றில் திரளும் உருண்டைக்குப் பாரசீகத்தில் பொருள் தலைகீழ். ஆட்டின் வயிற்றில் திரளும் கல்லை நஞ்சுமுறிவு என்று கருதி 'பாத்ஸஹ்ர்' என்றார்கள். பாத் காப்பது, ஸஹ்ர் நஞ்சு. அரபு வழியே ஐரோப்பா சென்ற அச்சொல், பிரெஞ்சுக்காரரிடம் 'பெசோவார்' என வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் நாட்டில், மரண தண்டனை பெற்ற சமையல்காரன் ஒருவனுக்கு நஞ்சும் கல்லும் கொடுத்துச் சோதித்தார்கள். அவன் துடிதுடித்து இறந்ததைப் பதிவு செய்தவர் அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே. நம்பிக்கை பொய்த்தும் பெயர் மருத்துவத்தில் நிலைத்தது: மனித வயிற்று முடி உருண்டை இன்று 'டிரைக்கோபெசோர்'.

உருண்டை மெய், இட்டவர்தான் பொய். பெரும்பாலும் இளம்பெண்களும் சிறுமிகளும் தம் முடியைத் தாமே பிடுங்கி விழுங்குவதால் இது வருகிறது. முடியின் கெரட்டின் செரிக்காது. வழுக்கும் இழைகள் இரைப்பை மடிப்புகளில் சிக்கி, உணவோடும் சளியோடும் திரண்டு சடையாகின்றன. 2020 ஜனவரியில் கோவையில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து சுமார் அரைக் கிலோ முடியும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுக்கப்பட்டன. முடியின் வால் சிறுகுடல்வரை நீண்டால் அது 'ரபன்சல் நோய்'. கிரிம் சகோதரர் கதையின் நீள்கூந்தல் பெண்ணை வைத்து 1968இல் வந்த பெயர்.

மேல்வயிற்றில் நகரும் கெட்டியான கட்டி, தலையில் திட்டுத்திட்டாய் வழுக்கை, ரத்தச்சோகை ஆகியவை அடையாளங்கள். ஸ்கேன் காட்டிக்கொடுக்கும், எண்டோஸ்கோப்பி உறுதி செய்யும். நார் உருண்டைகள் சில கோலா பானத்தில் கரைவதுண்டு; முடி கரையாது. பெரிய உருண்டையை இரைப்பையைத் திறந்தே எடுக்க வேண்டும். அத்தோடு விட்டால் மீண்டும் திரளலாம். முடி பிடுங்கும் பழக்கத்துக்கு மனநல சிகிச்சையும் தேவை.

மகள் முடியை வாயில் வைப்பதைக் கண்டால் மருந்து எடுப்பவரைத் தேடாதீர்கள், திட்டவும் வேண்டாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.