பாலைவனக் கோட்டைகளும் அவற்றுக்கு விலை கொடுத்தவர்களும்

இந்தியாவின் மேற்கு எல்லையில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தை ஒட்டிப் பரந்து கிடக்கும் தார் பாலைவனப் பிரதேசத்தை மன்னர்களின் தேசம் என்றே உல்லாசப் பயணத்துறையினர் உலகுக்கு அறிமுகப்படுத்துகின்றனர். ராஜஸ்தான் என்ற பெயரின் பொருளும் அதுவே. 1949 மார்ச் 30ஆம் திகதி ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிகானேர், ஜெய்சல்மேர் ஆகிய சமஸ்தானங்கள் இணைக்கப்பட்டு இன்றைய மாநிலத்தின் பெரும்பகுதி உருவானது. 1971இல் இந்திரா காந்தியின் அரசாங்கம் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றின் மூலம் மன்னர் மானியத்தையும் ஒழித்தது. ஆனாலும் மகாராஜாக்களின் நிழல் அந்த மண்ணை விட்டு இன்னமும் நீங்கியபாடில்லை. அரண்மனைகள் பல நட்சத்திர ஹோட்டல்களாகவும் நூதனசாலைகளாகவும் வேடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தப் பிரதேசத்தில் பயணம் செய்யும் வாய்ப்புக் கிட்டியபோது புதுடில்லியில் இருந்து இரவு ரயிலில் ஜோத்பூர் சென்றடைந்தேன். நகரின் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் மெஹ்ரான்கர் கோட்டை தெரிகிறது. நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 400 அடி உயரமான பாறைக் குன்றின் மீது, பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி அது எழுந்து நிற்கிறது. ராத்தோர் வம்சத்தைச் சேர்ந்த ராவ் ஜோதா, பழைய தலைநகரான மண்டோர் பாதுகாப்பற்றது என்று கருதி 1459இல் இதற்கு அடிக்கல் நாட்டினார்.

அந்த அடிக்கல்லுக்குக் கீழேதான் முதல் கதை இருக்கிறது. குன்றில் தவம் செய்துகொண்டிருந்த சீரியா நாத் என்ற துறவியை அங்கிருந்து அகற்றியபோது, இந்தக் கோட்டை என்றென்றும் தண்ணீருக்குத் தவிக்கட்டும் என்று அவர் சாபமிட்டுச் சென்றாராம். சாபத்துக்குப் பரிகாரமாக ராஜா ராம் மேக்வால் என்பவர் கோட்டையின் அத்திவாரத்தில் உயிருடன் புதைக்கப்பட்டார் என்பது ஐதீகம். அவரது குடும்பத்தைப் பேணிக் காப்பதாக மன்னர் வாக்குறுதி அளித்து, காணியும் வழங்கினார் என்று சொல்கிறார்கள். அவர் தாமாகவே முன்வந்தார் என்பதுதான் அரண்மனைத் தரப்பின் மரபு. மேக்வால்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சமூகத்தினர் என்பதை நினைவிற் கொண்டால், அந்த விருப்பத்தின் தன்மை குறித்துச் சந்தேகம் எழாமல் இருக்க முடியாது. அவரது பெயர் பொறிக்கப்பட்ட நினைவுக்கல் கோட்டையில் இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வந்தவர்களில் அதன் அருகே நின்றவர்களை நான் அதிகம் காணவில்லை.

எமக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெய்ப்பூர்ப் படைகளின் பீரங்கிக் குண்டுகள் வாயில் ஒன்றில் ஏற்படுத்திய தழும்புகளைப் பற்றிப் பத்து நிமிடங்கள் உற்சாகமாக விளக்கினார். ஆனால், லோகா போல் என்ற இரும்பு வாயிலின் பக்கச் சுவரில் வரிசையாகப் பதிந்திருக்கும் சின்னஞ்சிறிய கைச்சுவடுகளுக்கு அவர் ஒதுக்கியது அரை நிமிடம் மாத்திரமே. 1843இல் மகாராஜா மான் சிங் இறந்தபோது அவரது சிதையில் உடன்கட்டை ஏறிய பெண்களின் கைகள் அவை. பிரிட்டிஷ் இந்தியாவில் உடன்கட்டை ஏறுதலை வில்லியம் பென்டிங் பிரபு 1829இலேயே தடை செய்திருந்தார். ஆனால், சமஸ்தானங்களுக்குள் அந்தச் சட்டம் நுழையவில்லை. சுவடுகளுக்குக் குங்குமம் அப்பி, வெள்ளித்தாள் ஒட்டி மக்கள் இன்றும் வணங்கிச் செல்கின்றனர். இதை வெறும் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1987 செப்டெம்பரில் இதே மாநிலத்தின் தேவ்ராலா கிராமத்தில் 18 வயதான ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்து இறந்த செய்தியைப் பாடசாலை மாணவனாக இருந்தபோது பத்திரிகைகளில் படித்தது எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. அதன் பின்னரே இந்தியப் பாராளுமன்றம் உடன்கட்டை ஏறுதலைப் போற்றிக் கொண்டாடுவதையும் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. வாயிற்சுவருக்கு முன்னால் கைகூப்பி நின்றவர்களுக்கு அந்தச் சட்டம் பற்றித் தெரியுமா என்று விசாரித்துப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

கோட்டைக்குள் பூல் மஹால் என்றழைக்கப்படும் மலர் மாளிகை இருக்கிறது. கூரையெங்கும் தங்கப் பூச்சு. 18ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த மகாராஜா அபய் சிங்கின் காலத்தைச் சேர்ந்தது. அதே அபய் சிங்கின் பெயர் ஜோத்பூரில் இருந்து சுமார் 26 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கேஜர்லி கிராமத்தில் வேறொரு விதமாக நினைவுகூரப்படுகிறது. புதிய மாளிகை ஒன்றைக் கட்டுவதற்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டதால், 1730இல் மன்னரின் ஆட்கள் அந்தக் கிராமத்து மரங்களை வெட்ட வந்தனர். அவை கேஜ்ரி மரங்கள். தமிழர்கள் வன்னி என்று அழைப்பதும், தமிழ்நாட்டில் சிவன் கோவில்கள் சிலவற்றில் தலவிருட்சமாக இருப்பதும் இதே மரந்தான். மழை பொய்த்த ஆண்டிலும் காய்ந்து போகாமல் நின்று, ஆடுமாடுகளுக்குத் தழையையும் மனிதர்களுக்குக் காயையும் நிழலையும் தரும் இந்த மரம் இல்லையென்றால் பாலைவனத்தில் குடியிருப்பே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஜம்போஜி வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றும் விஷ்னோய் மக்களுக்குப் பச்சை மரத்தை வெட்டுவது பாவம். அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டியணைத்து நின்றார். கோடரி அவர் மீது விழுந்தது. அவரது மூன்று புதல்விகளும், அதன் பின்னர் அயற் கிராமங்களில் இருந்து வந்தவர்களுமாக 363 பேர் உயிர் துறந்தனர். செய்தி அறிந்த மன்னர் மரம் வெட்டுவதை நிறுத்தி, விஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடை செய்தார் என்பது வரலாறு. 1970களில் இமயமலைச் சாரலில் நடைபெற்ற சிப்கோ இயக்கத்துக்கு முன்னோடியாக இந்தச் சம்பவமே குறிப்பிடப்படுகிறது.

ஜோத்பூரின் மற்றொரு அடையாளமான உமைத் பவன் அரண்மனையின் கதை சற்று மாறுபட்டது. மழை பொய்த்துப் பஞ்சம் நிலவிய காலத்தில், மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே மகாராஜா உமைத் சிங் இதைக் கட்டத் தொடங்கினார் என்று கூறப்படுகிறது. 1929இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1943இல் பூர்த்தியானது. அறைகள் 347. வடிவமைத்தவர் ஹென்றி வோகன் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். பஞ்சத்துக்கு மருந்து அரண்மனையா, குளமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும், அன்றன்று கூலி வாங்கி அடுப்பு மூட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. கட்டிமுடித்து நான்கே ஆண்டுகளில் உமைத் சிங் காலமானார். அதே ஆண்டில் மன்னராட்சியும் முடிவுக்கு வரத் தொடங்கியது.

ஜோத்பூரில் இருந்து பஸ்ஸில் மேற்கே ஜெய்சல்மேர் நோக்கிப் போகும்போது, 1974இலும் 1998இலும் இந்தியா அணுகுண்டுப் பரிசோதனைகளை நடத்திய பொக்ரான் வழியில் வருகிறது. அதற்கப்பால் முட்புதர்களும் மணலுந்தான். மாலைநேரத்தில் ஜெய்சல்மேர் கோட்டை மஞ்சள் நிற மணற்கல்லில் மின்னியபோது, சத்யஜித் ராய் 1974இல் எடுத்த திரைப்படத்துக்குத் தங்கக் கோட்டை என்று ஏன் பெயரிட்டார் என்பது விளங்கியது.

1156இல் பட்டி வம்சத்து ராவல் ஜெய்சல் கட்டிய இந்தக் கோட்டைக்கு 99 கொத்தளங்கள். சிந்துவுக்கும் அதற்கு அப்பாலும் சென்ற ஒட்டக வணிகர்களிடம் அறவிட்ட தீர்வையே அதன் செல்வம். பம்பாய்த் துறைமுகத்தின் எழுச்சி அந்த வணிகத்தை நலிவடையச் செய்தது. 1947இல் வரையப்பட்ட எல்லைக்கோடு எஞ்சியிருந்ததையும் துண்டித்துவிட்டது. எனினும், மற்றக் கோட்டைகள் பலவற்றுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. சில ஆயிரம் மக்கள் இன்றும் அதற்குள்ளேயே வீடு, கடை, கோவில் என்று வாழ்கின்றனர்.

இப்போது அதுவே பிரச்சினையாகிவிட்டது. ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூடக் கிடைக்காத ஊர் இது. கோட்டைக்குக் கீழேயுள்ள கடிசர் ஏரியில் இருந்து பெண்கள் குடத்தில் சுமந்து வந்த தண்ணீரில் குடும்பங்கள் வாழ்ந்த காலத்துக்கு ஏற்றவாறே அந்தக் குன்றும் கட்டிடங்களும் இருந்தன. குழாய்நீர் வந்தது. உல்லாசப் பயணிகள் வந்தனர். விடுதிகள் வந்தன. கழிவுநீரை முறையாக வெளியேற்றும் வடிகால்கள் மாத்திரம் வரவில்லை. நீர் குன்றின் மென்மையான மண்ணுக்குள் கசிந்து கொத்தளங்கள் சில இடிந்தன. 2013இல் ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் பெய்த கடும் மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்து வீதியில் விழுந்தது. கோட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் மக்களை வெளியேற்ற வேண்டும் என்ற யோசனை அடிக்கடி தலைதூக்குகிறது.

கோட்டைக்குள் சால்வைகள் விற்கும் முதியவர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். தமது குடும்பம் எத்தனை தலைமுறையாக அங்கிருக்கிறது என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை. எதிரே கொத்தளத்தின் மீது அமைந்திருந்த விடுதியைக் காட்டி, "அங்கே ஒரு வெள்ளைக்காரர் காலையில் குளிக்கும் தண்ணீரில் எங்கள் வீட்டில் ஆறு பேரின் ஒருநாள் பாடு முடிந்துவிடும். முதலில் யாரைப் போகச் சொல்ல வேண்டும், ஐயா?" என்றார். நான் தங்கியிருந்ததும் கோட்டைக்கு உள்ளே இருந்த விடுதி ஒன்றில்தான். அதை அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு சால்வை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.