தொண்டி உடைந்த கதை

தமிழ் வலைப்பதிவுகளின் ஆரம்பகாலம் என்றாலே எழுத்துருச் சண்டைதான் பேச்சு. திஸ்கி, டாம், டாப், பிறகு யூனிகோடு. எனக்கென்னவோ ஒரேயொரு சிஎஸ்எஸ் வரி செய்த அட்டகாசம்தான் அதைவிடச் சுவாரசியம்.

வேர்ட்பிரஸில் தீம் என்கிற ஏற்பாடு 2005 பிப்ரவரியில், 1.5 பதிப்பில் வந்தது. கூடவே வந்த தீம் குப்ரிக், மைக்கேல் ஹைல்மன் வடிவமைத்தது. நீலத் தலைப்பட்டை, பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு ஓரமும் நேராக நிற்கட்டும் என்று பதிவுக்கு ஜஸ்டிஃபை போட்டிருந்தது. ஆங்கிலத்துக்கு ஒன்றும் ஆகாது. அன்றைய ஃபயர்பாக்ஸில் தமிழ் சிதறிப்போகும்.

எங்க ராமநாதபுரம் கடற்கரை ஊரையே எடுத்துக்குவோம்: தொண்டி. இதில் 'தொ' கணினிக்குள் இரண்டு குறியீடு: த, அப்புறம் ஒகரக்குறி. கொம்பை முன்னால், காலைப் பின்னால் வைத்து வரைவது உலாவியின் வேலை. ஜஸ்டிஃபை வரியை இழுத்தால் அது ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியாக வரைந்துவிடும். கொம்பும் காலும் புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். பாம்பன், மண்டபம் எல்லாவற்றிலும் மெய்ப்புள்ளி விலகிப் போகும்.

அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரியும். அதனால எழுதினவருக்குக் கோளாறே தெரியாது; படிக்கிறவர் எழுத்துருவைத் திட்டுவார்.

வைத்தியம் என்னவோ சின்னதுதான். ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து ஜஸ்டிஃபையை லெஃப்ட் ஆக்கணும். தீமைப் புதுப்பித்தால் திருத்தம் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வந்த பிறகுதான் இந்தத் தலைவலி விட்டது.