மகனுக்கு எதை விட்டுச்செல்வது: உத்திரமேரூர்க் கல்வெட்டும் பரிமேலழகர் உரையும்

பிள்ளையின் பிற்காலத்துக்குத் தந்தை தேடிவைக்க வேண்டியது கல்வியா, சொத்தா? கல்வியே என்பது தமிழ் மரபின் விடை என்று எழுதிவருகிறோம். தந்தை மகனுக்குச் செய்யும் நன்றி அவனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே என்னும் 67ஆம் குறளைச் சான்று காட்டுகிறோம். அந்த உறுதி குறளில் இருப்பதைவிடப் பரிமேலழகர் உரையிலேயே மிகுதி. மகனைக் கற்றார் அவையில் மேம்பட்டிருக்கச் செய்வதே தந்தையின் உதவி என்பதோடு அவர் நிற்கவில்லை. பொருளுடையவனாக்குதல் முதலியன துன்பம் தருவன, ஆதலால் நன்மையாகா என்று விலக்கவும் செய்கிறார். குறளின் ஏழு சீரில் இந்த விலக்குக்கு இடமே இல்லை.

அவருக்கு முந்திய மணக்குடவர், கல்வி உண்டாக்க வேண்டும் என்ற அளவில் முடித்துக்கொண்டார். 63ஆம் குறளின் உரையிலோ, புதல்வர் செய்த பொருள் அவர்தம் நல்வினை வழியே பெற்றோரை வந்தடையும் என்று பரிமேலழகரே கொள்கிறார். ஈட்டிய பொருள் வேறு, தந்தை வைத்துப்போன பொருள் வேறு என்று அவர் சார்பில் வாதிடலாம். ஆனால் பொருள் செயல்வகைக்குத் தனி அதிகாரம் வகுத்த நூல், தந்தை தரும் பொருளை மட்டும் தீதென்று கருதியது என்பதற்குச் சான்று வேண்டும். பரிமேலழகர் அதைத் தரவில்லை.

அவையில் முந்தியிருக்க உண்மையில் என்ன தேவைப்பட்டது? உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகளை (பொதுவாக 919, 921 எனக் கணிப்பர்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறைக்காகவே எல்லாரும் படிக்கிறார்கள். தகுதி விதிகளைத் தந்தையின் கண்கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முதற் கல்வெட்டில் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். இரண்டாவது கல்வெட்டில் என்னை நிறுத்திய விதி ஒன்று உண்டு: அரைக்கால் வேலியே உடையவனாயினும், ஒரு வேதத்தில் வல்லவனாய், நான்கு பாடியங்களுள் (விரிவுரைகளுள்) ஒன்றை விரித்துரைக்க அறிந்தவனானால் அவன் பெயரும் குடத்தில் இடப்படும். கூடுதல் கல்வி பாதி நிலத்துக்கு ஈடாயிற்று. முழு நிலத்துக்கு ஈடாகவில்லை. நிலமே இல்லாத அறிஞனுக்கு இந்த விதியில் இடம் கிடையாது. கணக்குக் காட்டாத வாரியத்தானின் தகுதியிழப்பு அவன் மகனையும் தொடர்ந்தது. நிலத்தோடு நேர்மையையும் தந்தை விட்டுச்செல்ல வேண்டியிருந்தது.

இது பிராமணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், அதாவது பிரமதேயத்தின், சபை. குறளின் அவை இதுவே என்று நான் சொல்லவில்லை. குறளின் காலமும் முடிவாகவில்லை. ஆயினும் மணக்குடவரைப் பத்து, பதினொன்றாம் நூற்றாண்டினர் என்று கொள்வது சரியானால், இந்த விதிகள் நடப்பிலிருந்த உலகுக்கு அவரே நெருங்கியவர். கல்விக்கு நிலம் துணையாயிருந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறையின் உரைகாரர் பொருளைப் பழிக்காமல் விட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மௌனத்தைச் சான்றாக்குவது வலுவற்ற முறைதான். எனினும் மறுபக்கம் இருப்பது ஒரே ஓர் உரைகாரரின் வாக்கியம்.

இன்னும் பின்னே போனால், பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாட்டில் மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் கடன். வேந்தனின் கடனுக்கு ‘நன்னடை’, ‘தண்ணடை’ என இரு பாடங்கள் உள்ளன. மருதநிலம் என்னும் பொருள் தரும் ‘தண்ணடை’யே கொள்ளத்தக்கது என்பது என் துணிபு. அதே பாட்டில் வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடன். அந்த வரிசையில் அடுத்து வேந்தன் தருவதும் கையில் பெறும் ஒன்றாயிருப்பதே இயல்பு. அப்படியானால் வீரனின் மகனுக்கு வாழ்வாதாரம் தருவது அரசன் பொறுப்பு. உத்திரமேரூரில் அந்த நிலம் குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது. இந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதை இரண்டு சான்றுகளை வைத்து வரையறுக்க முடியாது.

67ஆம் குறளை எடுத்துக்காட்டுவோர், பொருளை விலக்கும் கருத்தைப் பரிமேலழகர் பெயரிலேயே குறிக்க வேண்டும். அது வள்ளுவர் சொன்னதன்று.