பூவுக்கு முன்பே வந்த பன்னீர்

நிலக்கோட்டைப் பூச்சந்தையின் விலை நிலவரத்தில் பட்டன் ரோஸ் என்று ஒன்று இருக்கும், பன்னீர் ரோஸ் என்று ஒன்று இருக்கும். பட்டன் என்பது பூவின் அளவைச் சொல்கிறது. பன்னீர் என்பது அளவையோ நிறத்தையோ ஊரையோ சொல்லவில்லை. ஒரு பூவை, அதிலிருந்து வடிக்கும் நீரின் பெயரால் கூப்பிடுகிறோம். தமிழில் இது வழக்கமான திசை அல்ல. மல்லிகையிலிருந்து மல்லிகை எண்ணெய், தாழையிலிருந்து தாழம்பூத் தைலம் என்று பூவின் பெயர்தான் புட்டிக்குப் போகும். இங்கே புட்டியின் பெயர் செடிக்கு வந்திருக்கிறது. கிலோ என்ன விலை என்று கேட்கிறவருக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சொல்லின் கதையில் ஆர்வமுள்ளவர் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

சொல்லைப் பிரிப்பது எளிது. பனியும் நீரும் சேர்ந்தது பனிநீர். அதன் நடு இகரம் தேய்ந்து பன்னீராகி, தண்ணீர், வெந்நீர், கண்ணீர் என்ற வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் பன்னீருதான். மலையாளம் மட்டும் அந்தத் தேய்மானத்தை ஏற்கவில்லை. அங்கே இன்றும் அது பனிநீர்; ரோஜாவுக்கே பனிநீர்ப்பூ என்று பெயர். இதில் வேடிக்கை, மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். உடம்பு கொதிப்பதைச் சொல்ல வந்த அதே சொல், பூவின் பெயரில் மட்டும் பழைய குளிர்ச்சியை விடாமல் வைத்திருக்கிறது.

ஏன் பனி? சித்த மருத்துவத்தில் வாலையில் வடித்து இறக்கும் நீருக்குத் தீநீர் என்று பெயர். ஓமத்தை வடித்தால் ஓமத் தீநீர், சோம்பை வடித்தால் சோம்புத் தீநீர். ரோஜா இதழையும் அப்படியேதான் வடிக்கிறார்கள்: பானையில் இதழும் நீரும், அடியில் தீ, மேலேறும் ஆவியைக் குளிரவைத்து இறக்கும் குழாய். செய்முறை ஒன்று, பெயர்கள் நேரெதிர். ஒன்று தீயின் நீர், மற்றது பனியின் நீர். ஆவி குளிர்ந்து துளித்துளியாய்த் திரள்வதைப் பார்த்துப் பனி என்றார்கள் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். எனக்கு அது பொருந்தவில்லை. அப்படியானால் ஓமமும் பனிநீர் ஆகியிருக்க வேண்டும். தீநீர் என்பது அடுப்படியில் நின்று வடித்தவர் வைத்த பெயர். பன்னீர் என்பது முகத்தில் தெளிக்கப்பட்டவர் வைத்த பெயர். வடித்த இடத்தைப் பார்க்காதவர்களிடம், வடித்து முடிந்த பொருளாக அது வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்குச் சொல்லே சாட்சி.

வந்த திசை பாரசீகம். ஈரானின் பார்ஸ் பகுதியில், இன்று பிரூசாபாத் எனப்படும் ஜூர் நகரத்துப் பன்னீர், இந்தியாவும் சீனமும் வரை போனதை 10ஆம் நூற்றாண்டு அரபு நிலவியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரசீகத்தில் அதன் பெயர் குலாப்: குல் என்றால் மலர், ஆப் என்றால் நீர். அந்தச் சொல் இந்திக்கு வந்தபோது ஆப் கரைந்துபோய் பூவையே குறிக்கத் தொடங்கிவிட்டது. அங்கே செடியில் பூத்திருப்பதும் குலாப். அதாவது, வடக்கிலும் நீரின் பெயர்தான் பூவுக்குப் போயிருக்கிறது. தெற்கில் தன் சொந்தச் சொல்லைக்கொண்டு தமிழ் அதையே செய்தது. அரபியில் குலாப் ஜுலாப் ஆனது. பிறகு அது இனிப்புப் பாகைக் குறித்து, கடைசியில் இந்தியில் பேதி மருந்துக்குப் பெயராகி நிற்கிறது. ரோஜாக் குல்கந்து வயிற்றை இளக்கும் என்பது தெரிந்தவர்கள் இந்த வீழ்ச்சியை அநியாயம் என்று சொல்லமாட்டார்கள்.

பூ மட்டும் தாமதமாக வந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் ரோஜா இல்லை. மேற்குமலையில் ரோஜாவே இல்லாமல் இல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளையாய்ப் பூக்கும் காட்டுரோஜா ஒன்று உண்டு. புதுச்சேரியில் தாவரத் தோட்டம் நடத்திய பிரெஞ்சுக்காரர் லெஷனோவின் பெயரை இன்று சுமந்துகொண்டிருக்கும் அந்தக் கொடி, சமவெளித் தோட்டத்துக்கு இறங்கவில்லை. தோட்டத்துப் பூவுக்குப் பெயர் கப்பலில் வந்தது. போர்ச்சுக்கீசியத்தின் மேசாவும் ரோசாவும் ஒரே ஒலிப்புடையவை. இரண்டிலும் நடுவில் தமிழில் இல்லாத ஓர் அதிர்வொலி. அதனால்தான் மேசை–மேஜை என்றும் ரோசா–ரோஜா என்றும் இரண்டுக்கும் ஒரேமாதிரி இரட்டை எழுத்துமுறை நிலைத்தது. தனித்தமிழ் அன்பர்கள் முளரி என்பார்கள். தாமரைக்குச் சொந்தமான பெயரைப் பிடுங்கி ரோஜாவுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாமரை என்ன பாவம் செய்தது?

இதற்கிடையில் பன்னீர் என்ற பெயர் சும்மா இருக்கவில்லை. ரோஜாவோடு எந்த உறவும் இல்லாத கடலோர மரம் ஒன்றுக்கும் அது போயிற்று. பெரிய வட்ட இலை, இரவில் விரிந்து காலையில் தரையில் கிடக்கும் நீண்ட காம்புள்ள வெள்ளைப் பூ. திருச்செந்தூர் முருகன் கோயிலில் விபூதியை மடித்துக் கொடுப்பது இந்தப் பன்னீர் மரத்து இலையில்தான். இலையின் நரம்புகள் பன்னிரண்டு, முருகனின் கைகளும் பன்னிரண்டு, ஆகவே ‘பன்னிரு இலை’ என்பதே பன்னீர் இலை ஆனது என்று அங்கே சொல்வார்கள். பக்திக்கு அது அழகான விளக்கம். ஆனால் தாவரங்களின் பயன்களைத் தொகுத்து 1858இல் நூலாக வெளியிட்ட ஹீபர் ட்ரூரி, திருவிதாங்கூர்க் கரையில் நடந்த ஒன்றைப் பதிந்திருக்கிறார். மாலையில் இந்த மரத்தின்மேல், பூக்களில் நன்றாகப் படியும்படி மெல்லிய மஸ்லின் துணியை விரித்துவிடுவார்களாம். இரவெல்லாம் இறங்கும் பனியில் துணி நனைந்து பூமணத்தை வாங்கிக்கொள்ளும். விடிந்ததும் பிழிந்து எடுத்துக் கடைத்தெருவில் விற்பார்கள். ரோஜா நீரைப் போலவே மணக்கும். தீயும் இல்லை, வாலையும் இல்லை. பனிநீர் என்ற சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிற பொருள் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மரத்திலிருந்து பெயர் பாரசீகப் புட்டிக்குப் போயிற்றா, புட்டியிலிருந்து மரத்துக்கு வந்ததா என்று கோடு கிழிப்பதைவிட, இரண்டையும் ஒன்றாக்கியது மூக்கு என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. பன்னீர் ஒரு மணத்தின் பெயராகிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் ரோஜா கிடையாது. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் கறுப்பு ரகம் அது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மஸ்கட் திராட்சையின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். ரோஜாவின் மணத்திலும் அது முக்கியமான பங்காளி. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பன்னீர் சோடா வேறு விஷயம், எசன்ஸ். கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்பு; பிள்ளைக்குப் பன்னீர்செல்வம் என்று பெயர். ரோஜாச்செல்வத்தை நான் பார்த்ததில்லை. ஓட்டல் பலகையில் இருக்கும் பன்னீர் பட்டர் மசாலாவுக்கு மட்டும் இந்தக் குடும்பத்தில் இடமில்லை. அது பனீர், பாரசீகத்தில் பாலாடைக்கட்டி.

இப்போது செடிக்கு வருவோம். உலகம் பன்னீருக்காகவும் அத்தருக்காகவும் பயிரிடுவது டமாஸ்க் ரோஜா. பல்கேரியாவின் கசன்லாக், துருக்கியின் இஸ்பார்தா, ஈரானின் காஷான் பக்கம், நம் உத்தரப் பிரதேசத்தில் அலிகர், கன்னோஜ் எல்லாம் அதன் ஊர்கள். மூன்று வகை ரோஜாக்கள் கலந்து பிறந்தது அது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000இல் மரபணு கொண்டு காட்டினார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும். கொதிக்கும் பன்னீரைத் தட்டில் ஊற்றியபோது மேலே படிந்த ஆடையைத் திரட்டி அத்தர் கண்டவர், நூர்ஜகானின் தாயார் அஸ்மத் பேகம் என்று ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் மாமியாருக்குப் பெருமை சேர்க்கிறார். அத்தரும் பன்னீரும் ஒரே பானையிலிருந்து வந்தாலும் ஒரேமாதிரி மணப்பதில்லை. ரோஜா மணத்தின் பெரும்பங்கான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணீரில் கரையும். அது எண்ணெயோடு மிதக்காமல் நீரோடு தங்கிவிடுகிறது. நமக்குப் பழக்கமான அந்த இனிய, கொஞ்சம் தேன் கலந்த வாசனை அதனுடையது.

சிக்கல் இங்கேதான். டமாஸ்க் ரோஜா குளிர்காலம் கேட்கும். வடக்கே மார்ச், ஏப்ரலில் ஒருமுறை பூத்துவிட்டு அடுத்த ஆண்டுவரை ஓய்ந்துவிடும். நம் வீட்டு மாடியில், சென்னை வெயிலில், மாதம் தவறாமல் இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் பன்னீர் ரோஜா அதுவாக இருக்க முடியாது. நர்சரிக்காரர்களும் வேளாண் துறையினரும் எட்வர்ட் ரோஜா என்று அழைக்கும் செடிக்குத்தான் பெரும்பாலும் நாம் பன்னீர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எட்வர்ட் என்றதும் ஆங்கிலேய மன்னர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு இதில் பங்கில்லை. இது பிரெஞ்சு எதுவார், இந்தியாவில் ஆங்கில உச்சரிப்புப் பூசிக்கொண்டது.

எதுவாரின் ஊர், அன்று பூர்போன் எனப்பட்ட ரீயூனியன் தீவு. அங்கே வயல்களுக்கு வேலியாக ரோஜா வைப்பார்கள். ஒரு வேலி சீனத்திலிருந்து வந்த, ஓயாமல் பூக்கும் ‘ஓல்டு பிளஷ்’. இன்னொன்று ஆண்டுக்கு இரண்டு முறை பூக்கும் இலையுதிர்கால டமாஸ்க். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் யாரும் திட்டமிடாமலே ஒரு கலப்புச் செடி முளைத்தது. எதுவார் பெரிஷோன் என்பவரின் வேலியில் அது கண்டெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் என்பது கதை. 1817இல் தீவுக்கு வந்த தாவரவியலாளர் ப்ரேயோன் அதைப் பாரிசுக்கு அனுப்ப, பூர்போன் ரோஜா என்ற வகையே அங்கே உருவாயிற்று. புதுச்சேரிக்கும் அந்தத் தீவுக்கும் இடையே அதே ஆண்டுகளில் செடிப் போக்குவரத்து இருந்தது. லெஷனோ இங்கிருந்து கரும்பும் பருத்தியும் அனுப்பியவர். ஆக, நம் பன்னீர் ரோஜா டமாஸ்கின் பிள்ளை. மணத்தைத் தாயிடமிருந்தும், ஓயாத பூப்பைச் சீனத் தகப்பனிடமிருந்தும் வாங்கி வந்திருக்கிறது. புட்டியின் பெயரைச் செடிக்கு வைத்த தமிழன் தாவரவியலில் தவறினாலும் வம்சத்தில் தவறவில்லை.

பூச்சாடிக்கு இது லாயக்கில்லை. காம்பு குட்டை, கழுத்து மெலிந்தது, காலையில் விரிந்தது மாலைக்குள் தளரும், மறுநாள் தொட்டால் உதிரும். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் காதலர் தினத்துக்காக வளரும் தாஜ்மகால் ரகம் ஒரு வாரம் நிற்கும், முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. நெடுநாள் நிற்கவும் நிறம் காட்டவும் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில் வாசனை கழன்றுபோனது. ரோஜாவில் ஜெரானியாலை உண்டாக்கும் நொதி எது என்று 2015இல் பிரான்சில் கண்டார்கள். மணக்கும் ரகத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, மணமற்ற ரகத்தில் ஏறக்குறைய தூங்குகிறது. பன்னீரை வளர்ப்பவர் எதிர்த்திசையில் தேர்ந்தவர். நிற்காது என்பது தெரிந்தே வைத்திருக்கிறார். உதிர்வது அவருக்குக் குறையும் அல்ல. மாலைக்கும் அர்ச்சனைக்கும் குல்கந்துக்கும் இதழ்தானே வேண்டும். வெயில் ஏறுவதற்குமுன் பறித்துவிட வேண்டும், ஏறினால் மணம் காற்றோடு போய்விடும்.

இன்னொரு கவர்ச்சி, ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்பது. மழைக்காலக் கவாத்தில் வெட்டிய பென்சில் கனத்துக் குச்சிகளைத் தொட்டியில் நட்டால் பாதிக்காவது வேர் பிடிக்கும். இப்படித்தான் இது தெருத்தெருவாய்ப் பரவியது, கடைக்குப் போகாமல், அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கி. ஏழு சிற்றிலை வந்தால் அது காட்டு ரோஜா, வெட்டு என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒட்டுச்செடிகளுக்கு அது ஓரளவு உதவும். பன்னீரிலோ ஐந்தும் வரும், ஏழும் வரும். அடியிலிருந்து எது கிளைத்தாலும் அது பன்னீர்தான். வெட்டிவிடாதீர்கள்.

எட்வர்டையே வேர்ச்செடியாக வைத்து அதன்மேல் வேறு ரகங்களை ஒட்டுவதும் நம் நாட்டில் உண்டு. சிவப்பு வாங்கினேன், இரண்டு வருஷத்தில் பன்னீராய் மாறிவிட்டது என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செடி மாறவில்லை. மேலே ஒட்டியது பட்டுப்போய், கீழே இருந்தது தழைத்திருக்கிறது. பணம் திரும்பி வராது. வேரில் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றிவிட்டு, வந்ததை வளர்க்கலாம்.