சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிராம வங்கி

தமிழ்நாடு முழுவதற்குமான கிராம வங்கியின் தலைமை அலுவலகம் சென்னையில் இல்லை, சேலத்தில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாடு கிராம வங்கி என்ற பெயர்ப்பலகை ஏறியது. அதன் கதை அதற்கும் வெகு முன்பே தொடங்கிவிட்டது.

சேலத்துக்கென்று ஒரு வங்கி 1925-லேயே இருந்தது. சேலம் பேங்க் என்று பெயர். 1960-ல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்தது. அதன்பின் சிறு வங்கிகள் நாடெங்கும் பெரிய வங்கிகளோடு சேர்க்கப்பட்டன. அந்த அறுபதுகளில் சேலம் பேங்க் இந்தியன் வங்கிக்குள் போனது. இந்தியன் வங்கியே ஒரு வீழ்ச்சியில் பிறந்ததுதான். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலருடைய சேமிப்பு கரைந்தது. மறு ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று, நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி என்று தொடங்கினார்கள். 1969-ல் அதுவும் நாட்டுடைமை ஆனது.

இத்தனைக்குப் பிறகும் மானாவாரி நிலத்தில் மரவள்ளி போடுகிறவருக்குக் கடன் எங்கே கிடைத்தது? பெரிய வங்கிக்குச் சின்னக் கடன் கட்டுப்படியாகவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கும் ஐந்து லட்சத்துக்கும் எழுதவேண்டிய தாள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊர் தெரியும், கையில் பணம் போதாது. பல இடங்களில் அது ஊர்ப் பெரியவர் பிடியில் இருந்தது. மிஞ்சியவர்கள் வட்டிக்கடைக்காரரும் தண்டல்காரரும்தான்.

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 1975-ல் எம். நரசிம்மம் குழு ஒரு கலப்பு வகையைச் சொன்னது: கூட்டுறவின் ஊர்ப்பழக்கமும் வணிக வங்கியின் கணக்கொழுங்கும் சேர்ந்த கிராம வங்கி. செப்டம்பர் 26-ல் அவசரச் சட்டம். காந்தி ஜெயந்தியன்று நாட்டில் ஐந்து வங்கிகள் திறந்தாகிவிட்டது. முதல் வங்கி உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில். பங்கு மத்திய அரசுக்கு 50 சதவீதம், மாநிலத்துக்கு 15, தொடங்கிவைக்கும் தாய் வங்கிக்கு 35. தமிழ்நாட்டில் 1977-ல் பாண்டியன் கிராம வங்கி வந்தது. எண்பதுகளில் தருமபுரியில் அதியமான், கடலூரில் வள்ளலார் என்று இந்தியன் வங்கி இரண்டைத் தொடங்கியது.

தொடக்கத்தில் இவ்வங்கிகள் சிறு விவசாயி, கூலிக்காரர், கைவினைஞர் ஆகியோருக்கு மட்டுமே கடன் தரவேண்டும் என்று இருந்தது. ஊழியர் சம்பளம் மாநில அரசு அளவில் இருந்தால் செலவு தாங்கும் என்பது கணக்கு. ஆனால் ஒரே வேலைக்கு அரைச் சம்பளமா என்று ஊழியர்கள் கேட்டது நியாயம். தொண்ணூறில் தீர்ப்பாயம் தாய் வங்கிக்கு இணையான சம்பளத்தைத் தந்தது. வட்டி வருமானம் சிறிது, செலவு பெரிது. நாடெங்கும் பல வங்கிகள் நட்டத்தில் மூழ்கின. பிறகுதான் எல்லோருக்கும் கடன் தரலாம் என்று கதவு திறந்தது. வழி, இணைப்பு என்று ஆனது: 2006-ல் அதியமானும் வள்ளலாரும் சேர்ந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்லவன் கிராம வங்கி. 2019-ல் பல்லவனும் பாண்டியனும் சேர்ந்து இன்றைய வங்கி.

கிளைக்குள் நடப்பதைப் பாருங்கள். நகை மதிப்பீட்டாளர் தாலிக்கொடியையோ வளையலையோ உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அமிலச் சொட்டு விட்டுப் பார்ப்பார். எடை, கழிவு, தரம் எழுதுவார். பயிர்க்கடன் என்றால் நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் கூடவே வரும். மரவள்ளி பத்து மாதப் பயிர்; கிழங்கு சேகோ ஆலைக்குப் போய்க் காசு வந்த பிறகுதான் நகை மீளும். மாதத் தவணை கேட்டால் விவசாயி எதை விற்றுக் கட்டுவார்? இது தெரிந்த மேனேஜர்தான் கிராம வங்கியின் உண்மையான மூலதனம் என்று நான் நினைக்கிறேன். நகையும் பத்திரமும் இல்லாத பெண்களுக்கு மகளிர் குழு வழிவிட்டது. தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில்தான் தொடங்கியது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிகளுக்கு வேறு வழி. பாடி கட்டவும் பழைய வண்டி வாங்கவும் நாலைந்து பேர் கூடி நடத்தும் பைனான்ஸ்களும் ஏலச்சீட்டும் கைகொடுத்தன. வட்டி கூடுதல், ஆனால் மறுநாளே பணம். இவை வங்கிகள் அல்ல. சேமிப்புக்கணக்கு, செக் வசதி இல்லை. ஒரு பைனான்ஸ் கைவிரித்தால், வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடு அதில் போட்டவருக்குக் கிடையாது. பணம் போடுகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வேறுபாடு இதுதான்.

ஸ்டேட் பேங்க், எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. மூன்றில் ஒன்று சாய்ந்தாலும் நாடே ஆடும் என்று ரிசர்வ் வங்கி அவற்றைக் கூடுதல் மூலதனம் வைக்கச் சொல்லியிருக்கிறது. கிராமக் கிளை ஒன்று மூடினால் நாடு ஆடாது, அந்த ஊரில் வட்டி ஏறும். 2025-ல் ஒரு மாநிலத்துக்கு ஒரு கிராம வங்கி என்று மத்திய அரசு நாடெங்கும் இணைத்தபோது தமிழ்நாடு அதை ஆறு ஆண்டு முன்பே முடித்திருந்தது. இனி இணைக்க இங்கே வங்கி இல்லை. மிச்சமிருப்பது, மரவள்ளி எப்போது வெட்டுக்கு வரும் என்று தெரிந்தவர்களைக் கிளைகளில் நிறுத்துவதுதான்.